பாவிக்காத மலசலகூடத்துக்கு முதலிடம் கொடுத்துத் தலைவரைத் தெரிவு செய்தமை பற்றிய முறைப்பாடு

அனுப்புபவர்:
திருமதி ஜெகதீஸ்வரி பரமலிங்கம்,
உறுப்பினர், கிராமச் சுகாதாரச் சங்கம்,
கடைசி வாய்க்கால் வீதி, குடியேற்றத் திட்டம்,
வட்டக்கச்சி.

பெறுபவர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
சுகாதாரப் பகுதி அலுவலகம்,
கிளிநொச்சி.

விடயம்: சங்கத் தலைவர் தெரிவை இரத்துச் செய்து, மறுபடி பரிசோதித்து, தலைமைப் பதவிக்கு என்னையும் கருதுமாறு கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்தில் நடந்ததை என் கண்ணாலே கண்டும் இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறேன். அன்றே எழுதியிருந்தால் மரியாதை தவறியிருக்கும். அதனால் மனம் ஆறட்டும் என்று பொறுத்தேன். ஆறவில்லை.

1. இச்சங்கத்தின் தலைமைப் பதவிக்கு இம்முறை இருவர் போட்டியிட்டோம். ஒருவர் இப்போதைய தலைவர் திரு. சிற்றம்பலம். மற்றவர் நான். பெண் ஒருத்தி கேட்பதா என்று சிலர் சிரித்தார்கள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. போன வருசக் கோடையில் என் மூத்த மகள் அழுக்குத் தண்ணீரால் வரும் நெருப்புக்காய்ச்சலில் கிடந்து ஆஸ்பத்திரியில் தப்பினாள். அயல் வீட்டு அன்னபாக்கியத்தின் மகன் தப்பவில்லை. அந்தப் பிள்ளையின் செத்தவீட்டிலிருந்து திரும்பிய பின்னர்தான் நான் இச்சங்கத்தில் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய், கக்கூசைப் பாவியுங்கோ, தண்ணீரைக் கொதிக்க வையுங்கோ என்று கெஞ்சியும் பேசியும் வருகிறேன். சில வீடுகளில் என்னைக் கண்டால் படலையைச் சாத்துவார்கள். ஆனாலும் எங்கள் வீதியில் பலர் பாவிக்கத் தொடங்கினார்கள்.

2. ஊருக்குச் சொல்பவர் தாமும் செய்து காட்ட வேண்டும் என்பதால், போட்டியிடுவோரின் மலசலகூடங்களை ஒரு குழு பார்வையிட்டு, அதிகம் சுத்தமானதை உடையவரையே தலைவராக்குவது எங்கள் சங்க விதி. நல்ல விதி என்று நானும் கை உயர்த்தியவள். குழுவுக்குக் கடைக்காரர் திரு. கனகலிங்கம் தலைமை வகித்தார். போட்டியாளர் என்ற முறையில் நானும் கூடப் போனேன்.

3. முதலில் திரு. சிற்றம்பலத்தின் வளவுக்குப் போனோம். அவர் கதவைத் திறந்தார். ஐயா, உள்ளே விதைநெல் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன! நிலத்தில் மாக்கோலம், மூட்டை மேல் மஞ்சள், ஒரு மூலையில் சாம்பிராணிச் சட்டி. திட்டத்தில் தந்த வீடுகளில் சீமெந்துத் தரையும் தகரக் கதவும் உள்ள இடம் மலசலகூடம் ஒன்றுதான். எலி ஏறாது, மழை ஒழுகாது. ஆகவே நெல்லை ஏன் அங்கே வைத்தார் என்பது எனக்கு விளங்குகிறது. அடுத்து நடந்ததுதான் விளங்கவில்லை. நான் எட்டிப் பார்க்கப் போக, திரு. கனகலிங்கம் என்னைத் தடுத்து, "தங்கச்சி, செருப்போட ஏறாதேங்கோ, லட்சுமி இருக்கிற இடம்" என்றார். குழுவினர் எல்லாரும் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, மணமே இல்லை, மிகவும் சுத்தம் என்று எழுதிக்கொண்டார்கள்.

4. பிறகு என் வீட்டுக்கு வந்தார்கள். நான் விடியவே எழும்பிக் கழுவி, சுண்ணாம்பு தூவி, வாளியில் தண்ணீரும் பக்கத்தில் சாம்பலும் வைத்திருந்தேன். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நின்றே பார்த்தார்கள். "பாவித்த அடையாளம் உண்டு" என்று எனக்குக் குறை எழுதினார்கள். மலசலகூடம் பாவிக்கத்தானே ஐயா!

5. பின்னேரம் கூட்டத்தில் இதைச் சொன்னேன். திரு. சிற்றம்பலம் கோபப்படாமல், "பிள்ளை, விதி சுத்தத்தைத்தான் கேட்குது, வேறொண்டையும் கேட்கேல்லை" என்றார். சபை கைதட்டியது. மாலை அவருக்கு விழுந்தது. அவர் கெட்ட மனிதர் அல்லர். நோயாளிகளை ஏற்றிப்போகத் தம் வண்டிலைத் தருபவர். அதனாலேயே என் திகைப்பு இன்னும் கூடுகிறது.

6. அவர் வீட்டார் எங்கே போகிறார்கள் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மேல் வாய்க்கால் கரைக்குப் போகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் வீதிக்குத்தான் வருகிறது. கிணறு வற்றும் இந்த மாதங்களில் நாங்கள் வாய்க்காலோரம் பூவல் தோண்டி, அந்தக் குழியில் ஊறுவதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். அன்னபாக்கியத்தின் மகனும் அதைத்தான் குடித்தான்.

7. இதனினும் பெரிய கேடு கூட்டத்துக்குப் பின் தொடங்கியிருக்கிறது. தலைவர் வீட்டு மாதிரியே சரி என்று எண்ணி, எங்கள் வீதியில் பாவித்து வந்தவர்களும் கழுவிப் பூட்டுகிறார்கள். ஒரு வீட்டில் கோலம் போட்டாயிற்று. இன்னொரு வீட்டார் வெள்ளையடித்துவிட்டு, வந்து பார்க்கும்படி என்னையே அழைத்தார்கள். பிள்ளைகள் மறுபடி வாய்க்கால் கரைக்கு ஓடுகிறார்கள். நான் படலை படலையாக நின்று கெஞ்சியதெல்லாம் நாலு நாளில் போயிற்று.

ஆகவே, தாங்கள் விதைப்புக்கு முன்னர், முன்னறிவித்தல் இல்லாமல் நேரில் வந்து கதவுகளைத் திறந்து பார்க்க வேண்டும். விதைப்புத் தொடங்கினால் மூட்டைகள் வெளியே போய்விடும். பிறகு நான் பொய் சொன்னதாகவே முடியும். குழுவின் முடிவை இரத்துச் செய்து, பாவிக்கும் மலசலகூடத்தையே கணக்கில் எடுக்கும்படி பணிக்க வேண்டும். விதைநெல் வைக்கப் பொது அறை ஒன்று கட்டித் தரவும் சிபாரிசு செய்ய வேண்டும். தலைமைப் பதவி எனக்கு வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த வேலையைச் செய்ய என்னால் முடியும்.

நேற்றுப் பின்னேரம் என் கணவரே விதைநெல் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் மலசலகூட வாசலுக்கு வந்தார். "இஞ்சேரும், நாங்களும் இதைப் பூட்டி வைச்சால் வாற வருசம் நீர்தான் தலைவி" என்று, எனக்கு நல்லது செய்யும் சந்தோசத்தில் சொன்னார். காய்ச்சலில் கிடந்த மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். நான் கதவை மறித்து நின்று அழுதேன். மூட்டை இப்போது குசினியில் அடுப்போரம் இருக்கிறது; எலி தின்றது போக மிச்சத்தை விதைப்போம். மற்ற வீட்டுப் பெண்களால் இப்படி மறிக்க முடியுமோ தெரியாது. அவர்களும் கதவைப் பூட்டுமுன் வாருங்கள் ஐயா.

தங்கள் வருகையை எதிர்பார்த்து நிற்கும்,
ஜெ. பரமலிங்கம் (ஒப்பம்)

வட்டக்கச்சி,
14 செப்டெம்பர் 1961.