அக்காவின் கூறை வரும் கப்பல்

பெப்ரவரி 11, 2024

எங்கள் கடையில் மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. வாசலில் பனியை இன்றைக்கும் நான்தான் தள்ளினேன். இவருக்கு முதுகு நோவு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரும்.

பிறகு மொன்றியலின் லாசால் பகுதிக்கு, அக்காவிடம் போனேன். இந்திராதேவி அக்கா இப்போது கட்டிலை விட்டு அதிகம் எழும்புவதில்லை. கோடை வரைதான் என்று டொக்டர் சொன்னதை அத்தான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும்.

என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். “கோப்பாயில மச்சாள் வீட்டுப் பெட்டிக்குள்ள என்ர கூறை கிடக்கு. எடுப்பிச்சுத் தருவியோடி?”

இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த கலியாணக் கூறைச் சேலை. இவ்வளவு காலமும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. புருசன் உயிரோடிருக்கச் சாகிறவளை அவளுடைய கூறை உடுத்தித்தான் அனுப்புவோம். ஏன் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெப்ரவரி 13

கூரியரில் எடுப்போம் என்றேன். அக்கா மாட்டேன் என்கிறாள். போன வருடம் அவளுக்கு வந்த பார்சல் தொலைந்தது தொலைந்ததுதான். “உங்கட கொண்டெய்னரில வரட்டும். உங்கட எண்டா துலையாது.” பிடிவாதத்துக்கு எங்கள் வீட்டில் என்றைக்குக் குறைச்சல்?

கொழும்பிலிருந்து எங்கள் கடைச் சாமான் ஏற்றுவது இவருடைய தம்பி நகுலேஸ்வரன். கூறையை எடுப்பித்து வைக்கச் சொன்னோம். டவுன்டவுனில் எங்கள் சுங்க ஏஜென்ட் கத்தரினுக்கும் எழுதிவிட்டேன். என்ன சாமான், யார் அனுப்புகிறார்கள் என்ற விவரமெல்லாம், கப்பலில் ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்னரே இங்கே கனடா எல்லைக் காவலுக்குப் போய்ச்சேர வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றவே விடமாட்டார்கள். அனுப்புவது அவள் வேலை, சரியாகச் சொல்வது என் வேலை. “பழைய பட்டுச் சேலை, ஒன்று” என்று எழுதியபோது கை நின்றுவிட்டது.

மார்ச் 5

கொண்டெய்னரை நிரப்பி, சீல் வைத்து, துறைமுகத்துக்கு அனுப்பியாயிற்று. நகுலேஸ் படம் அனுப்பினார். வெள்ளைத் துணியில் சுற்றிய கூறை, மிளகாய்த்தூள் பெட்டிகளுக்கு மேலே. சுற்றுவதற்கு முன் எடுத்த படமும் இருந்தது. அக்கா அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “கரை மங்கேல்லையடி” என்று சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் சிரித்து.

ஆனால் பின்னால் கிடக்கும் அந்தப் பெட்டிகள் ஆருடையவை? எங்களுடையவை இல்லை.

மார்ச் 6

நகுலேஸைப் பிடித்தேன். “அண்ணி, கூறை போகுதெண்டு கேள்விப்பட்டு அயல் சனமும் ஒண்டொண்டு கொண்டந்திட்டினம். மொன்றியல்ல இருக்கிற பிள்ளையளுக்காம். எப்பிடி மாட்டனெண்டுறது?”

உள்ளே என்ன? “தெரியேல்லை அண்ணி. தூளோ எண்ணையோ.”

இவர், “பேசாம விடும். ஆர் பாக்கப்போறான்?” என்கிறார். பார்த்தால்? எல்லாவற்றையும் இறக்கி மறித்துவைப்பார்கள், கூறையும் அதோடு போய்விடும். கத்தரினைக் கூப்பிட்டேன். தெரியாத சாமானைத் தன்னால் எழுத முடியாது என்றாள். ஒவ்வொன்றும் என்னவென்று தெரிந்து திருத்தி அனுப்புவதற்குள் இந்தக் கப்பல் தவறலாம். “நீங்கள்தான் சொல்ல வேண்டும், மதாம்.”

திருத்தச் சொன்னேன்.

மார்ச் 9

கப்பல் போய்விட்டது. எங்கள் கொண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது. ஒரு பெட்டிக்காரர் மட்டக்களப்புக்குப் போனவர், நேற்று வரைக்கும் போன் எடுக்கவில்லை. எடுத்துச் சொன்னது என்ன? முருங்கையிலைத் தூளாம். முருங்கையிலைத் தூள்! ஒரு சேலையை வெளியே எடுப்பதற்காகச் சீல் வைத்ததை உடைக்கவும் மாட்டார்களாம். அடுத்த கப்பல் இரண்டு கிழமைக்குப் பிறகு.

அக்காவிடம் “கப்பல் பிந்துதாம்” என்றேன்.

“பிந்தட்டும். நான் எங்க போறன்?”

மார்ச் 24

ஏற்றியாயிற்றாம்.

ஏப்ரல் 22

பக்கத்துத் தெருக் கடைக்கார அருமைராசா வந்தார். அவருடைய கொண்டெய்னர் அந்த முதல் கப்பலில் வந்து இறங்கிவிட்டது. அதில் ஊர்ச் சனத்தின் பெட்டிகளே பாதியாம், ஒன்றும் எழுதவில்லையாம், ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். “நீங்கள்தான் பிள்ளை தேவையில்லாமப் பயப்பிடுறனீங்கள்” என்று சிரித்தார்.

நான் ஏன் வாயைத் திறந்தனான்? பேசாமல் இருந்திருந்தால் இண்டைக்கு அந்தக் கூறை அக்காவின்ர மடியில. சரியாத்தானே செய்தனான்? சரியாச் செய்து என்னத்தைக் கண்டனான்?

ஏப்ரல் 25

அக்கா ஆஸ்பத்திரியில். “எங்க வருது?” என்று கேட்டாள். போனில் கப்பலைக் காட்டினேன், நீலத்துக்கு நடுவே ஒரு புள்ளி. “இவ்வளவு தண்ணியோ” என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏப்ரல் 28

அக்கா போய்விட்டாள்.

ஏப்ரல் 29

உடுப்புக் கொண்டுவரச் சொல்லி சவச்சாலையில் கேட்டார்கள். அக்காவின் மகள் கஜந்தினி அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். “சின்னம்மா, பச்சைச் சாறி ஓகேயா?” பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து என் கூறையை எடுத்தேன். புருசன் கல்லுப்போல இருக்க, என் கூறை நெருப்புக்குப் போகலாமா? சனம் என்ன சொல்லும்? திரும்பினால் இவர் வாசலில் நிற்கிறார். லொத்தர் சீட்டு வாங்கவும் நல்ல நேரம் பார்க்கிற மனிதர். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

“அக்காவுக்குத்தானே. குடும்” என்றார். “ஐயர் கேட்டா நான் கதைக்கிறன்.”

இந்த மனிதரோடு இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன், இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் போலிருக்கிறது.

மே 1

நானே உடுத்திவிட்டேன். மெலிந்துபோயிருந்தாள், கொசுவம் நிறைய வந்தது. பெண்கள் குசுகுசுத்தார்கள். குசுகுசுக்கட்டும். கூறை அவளுடையது இல்லை என்று அத்தானுக்குத் தெரியும். கரையை ஒருமுறை தொட்டு நீவிவிட்டு விலகி நின்றார்.

மே 10

கொண்டெய்னர் வந்தது. “எல்லாம் ஒழுங்கு மதாம், ஒரு கேள்வியும் கேட்கவில்லை” என்று கத்தரின் சந்தோசமாகச் சொன்னாள். மெர்சி என்று நன்றி சொன்னேன். முருங்கையிலைத் தூளுக்கு உரியவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

கூறையை அத்தானிடம் கொண்டுபோனேன். துணியை அவிழ்த்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அவரே மடித்து என் கையில் தந்தார்.

“நீ வைச்சிரு பிள்ளை. உனக்கு இனிக் கூறை இல்லையெல்லோ.”

கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன். நான் முந்திப் போனால் இதைத்தான் உடுத்திவிட வேணும் என்று இவரிடம் சொன்னேன். ஓம் என்றார். கடையைத் திறக்கக் கீழே போய்விட்டார்.