நான் கைகாட்டிய ஸ்பீக்கர்

உன் ஸ்பீக்கர் இரண்டும் இன்று காலையில் கத்தின.

வேலைக்கு லீவு, வெள்ளிக்கிழமை என்று வீட்டைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நீ போன அன்றைக்கு அவற்றின் மேல் போட்டு மூடிய என் பழைய வாயில் புடவை அப்படியே கிடந்தது. எடுத்து உதறினேன். மிளகாய்த்தூள் நெடி. மசாலா பேக்கிங் வேலைக்குப் போகிறவள் துணியில் அது எத்தனை துவைத்தாலும் போகாது. நீ தும்மிக்கொண்டேதான் எனக்குக் கதவைத் திறப்பாய். பெட்டிகளைத் துடைத்துவிட்டு, ஒரு தடவை கேட்கலாமே என்று உன் போனை மாட்டி, நீ எப்போதும் வைக்கிற வீணையை வைத்தேன்.

எவர்சில்வர் தட்டை ஆணியால் கீறுகிற மாதிரி வந்தது. காதைப் பொத்திக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன். மாசக்கணக்கில் சும்மா கிடந்து கெட்டுவிட்டது என்று நினைத்து, எதிர்வீட்டு எட்வினைக் கூப்பிட்டேன். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன், இந்த மாதிரி ஸ்பீக்கர் வாங்கச் சொல்லி உனக்கு யோசனை சொன்னவனும் அவன்தான்.

எட்வின் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"கெட்டுல்லாம் போவலக்கா. அண்ணன் ஏத்தி வெச்ச மாதிரியே கீது."

"இன்னாத்த ஏத்தி வெச்சாரு?"

பின்னால் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கின்றன. ஒன்று கனத்த கீழ்ச் சத்தத்துக்கு, ஒன்று கீச்சென்ற மேல் சத்தத்துக்கு. இரண்டும் நடுவில் நிற்க வேண்டுமாம். மேல் சத்தத்துத் திருகு மட்டும் இரண்டு பெட்டியிலும் கடைசி வரைக்கும் ஏறியிருந்தது.

"மேல் சத்தம் கேக்கலடா, இன்னா பண்றதுன்னு அண்ணன்தான் கேட்டாரு. நான் காமிச்சேன். நீ வேலைக்குப் போனதும் ஏத்திக்குவாரு. வர்றதுக்குள்ள எறக்கிடுவாரு. மணி பாத்துக்கினே இருப்பாருக்கா. அவளுக்கு காது குத்தும்டா, அவ பாத்து வாங்கினதுடான்னுவாரு."

அவன் போன பிறகு வீடு துடைக்கிற வேலை அப்படியே நின்றுவிட்டது. உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவதைத் தாண்டாத கை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். வாயால் 'நீ' என்றே கூப்பிட்டவனை எழுத்தில் மட்டும் 'நீங்கள்' போட எனக்கு வரவில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான். நான் கைகாட்டி வாங்கிய ஸ்பீக்கரில், நான் பக்கத்தில் இருந்த சாயங்காலங்களில், உனக்கு வீணை கேட்டதா இல்லையா?

எண்ணூரில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற கம்பெனியில் உன் வயசெல்லாம் போயிற்று. சம்மட்டி மெஷின் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றாய். காதில் வைக்கக் கொடுத்த அடைப்பான் வேர்த்து வழுக்குது என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்வாய். ராத்திரி ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் டீக்கடை ரேடியோவில் காலைக் கச்சேரி ஓடும். வீணை வந்தால் அது முடிகிற வரைக்கும் நகர மாட்டாய், பஸ் போய்விடும். கூட வேலை செய்கிறவர்கள் உனக்குச் சபாக்காரர் என்று பேர் வைத்தார்கள். "இன்னா நைனா, சபா விட்டாச்சா?" என்று தெருமுனையில் நின்று கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருவாய். ராகத்தின் பேர் உனக்கும் தெரியாது. "பேரு இன்னாத்துக்குமே, எனக்கு ஆளத் தெரியும்" என்பாய்.

வேலையை விட்டு நின்ற பிறகுதான் உன் காது எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தது. அதை வைத்து நாம் போட்ட சண்டை கொஞ்சமா? அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன், திரும்ப மாட்டாய். தெருமுனையில் கண்டெய்னர் லாரி திரும்பினால் மட்டும், "இந்த லாரி பெரிய பேஜாராப் போச்சு" என்று புலம்புவாய்.

"லாரி கேக்குது, பொண்டாட்டி கூப்ட்டா கேக்காதாய்யா உனுக்கு?"

"லாரிக்காரன் சோறு துன்னவான்னு கூப்ட மாட்டான்மே. உன்கிட்டதான் பயம்."

நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். எட்வின் இன்றைக்கு விளக்கமாகச் சொன்னான். இரும்படிக்கிற இடத்தில் வேலை செய்தவர்களுக்குக் கீழ்ச் சத்தம் நிற்குமாம், மேல் சத்தம்தான் முதலில் போகுமாம். லாரி உறுமல் கேட்கும், மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் கேட்கும். வீணைத் தந்தியின் மினுக்கு, தம்புரா, பொம்பளைக் குரல் எல்லாம் மங்கிப்போகும். காது மந்தம் என்றால் எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி குறைந்து கேட்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கண் முன்னால் உனக்கு லாரி கேட்டுது, என் குரல் கேட்கவில்லை. அதில் எனக்குப் புரிய வேண்டியது புரியவில்லை.

காது மெஷின் வைத்துப் பார்த்தாய். பேச்சுக்குச் சரி, பாட்டுக்குத் தகரம் என்று கழற்றி டப்பாவில் போட்டாய். மாத்தூரிலிருந்து மகள் ஒரு ஹோம் தியேட்டர் கொண்டுவந்து வைத்தாள். அதில் மிருதங்கம் வீட்டையே உருட்டியது, வீணை எங்கேயோ அடியில் மாட்டிக்கொண்டது. அப்போதுதான் எட்வின் சொன்னான், ஸ்டுடியோவில் பாட்டு பதிவு செய்கிறவர்கள் வைத்துக்கொள்கிற ஸ்பீக்கர் என்று ஒன்று உண்டு, கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி காட்டும், சின்ன சைஸ் நம் கைக்கு எட்டும் விலையிலேயே கிடைக்கும் என்று. "கடைக்காரன் போடுற பாட்டக் கேட்டு ஏமாந்துடாதண்ணே. உனக்கு அத்துப்படியானத எடுத்துக்கினு போ. சத்தம் கம்மியா வெச்சுக் கேளு. சத்தமா வெச்சா எல்லா டப்பாவும் நல்லாத்தான் பாடும்."

அவன் சொன்னதை நீ வேதமாக எடுத்துக்கொண்டாய்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடை. மெட்ரோவில் போனோம். நீ இஸ்திரி போட்ட சட்டை, நான் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை. கடைக்காரர் நல்ல மனுஷர், நம்மைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. வீடு எவ்வளவு பெரியது, எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள் என்று கேட்டார். சின்ன ரூமுக்குச் சின்ன பெட்டி போதும், சுவரை ஒட்டி வைக்காதீர்கள், உட்கார்ந்தால் காதுக்கு நேராக இருக்க வேண்டும் என்றார். முதலில் குத்துப்பாட்டு போட வந்தவரை நிறுத்தி, "அத்த வுடு சார், வீணை போடு" என்று உன் போனை நீட்டினாய்.

கடைசியில் இரண்டு ஜோடி நின்றன. முதல் ஜோடி எனக்கு மெத்தென்று இருந்தது. வீணைக்குப் பின்னால் தம்புரா நிற்பது எனக்கே தெரிந்தது. இரண்டாவது ஜோடியில் ஒவ்வொரு மீட்டும் காதில் வந்து குத்தியது. நான் ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டேன்.

உன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அதுதான் இன்றைக்கு என்னை விடவில்லை. இரண்டாவது ஜோடி பாடும்போது நீ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தாய். கை தொடையில் தாளம் தேடியது. உனக்கும் குத்துகிறது, பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறான் என்று நினைத்தேன். பல வருஷத்துக்குப் பிறகு உன் ஆளைப் பார்த்த முகம் அது என்று இப்போது தெரிகிறது.

கடைக்காரர், "ஐயாவுக்கு எது பிடிச்சிருக்கு?" என்றார்.

நீ என் பக்கம் கை நீட்டினாய். "அவங்கதான் சார் எனக்கு காது. இன்னாமே, எது ஷோக்கா கீது, சொல்லு."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என்னை எந்தக் கடையில் யார் கேட்டிருக்கிறார்கள்? மளிகைக் கடையில் உளுந்து நல்லாயிருக்கா என்று நான்தான் கேட்பேன். ஏசி ஓடுகிற கடை, இங்கிலீஷ் எழுத்துப் போட்ட சாமான், ஒரு ஆம்பளை பேனாவோடு நின்று என் வாயைப் பார்க்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, இதுதான் என்று முதல் ஜோடியைக் காட்டினேன். காரணம்கூடச் சொன்னேன். "அது கத்துது சார், இது பேசுது." கடைக்காரர், "அம்மா கரெக்டா சொல்றாங்க" என்றார். நிஜமாகவே நல்ல காதுக்கு அதுதான் சரியாம். எட்வினும் அதைத்தான் சொல்கிறான்.

நீ இரண்டாவது ஜோடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். பிறகு, "அவங்களே சொல்லிட்டாங்க, அத்தயே கட்டிக் குடு சார்" என்றாய். மெட்ரோவில் வரும்போது வாய் ஓயாமல் பேசினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீ தலையாட்டிக்கொண்டே வந்தாய்.

அதன் பிறகு நம் சாயங்காலம் அதுவாகவே ஆனது. நான் கை கால் கழுவிவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். "தம்புரா கேக்குதா?" என்பாய். கேக்குது என்பேன். "எங்க நிக்குது?" பின்னால, வலது பக்கம். "வீணை?" இப்போ தந்தியை இழுக்கிறாங்க, அழுவுற மாதிரி இழுக்கிறாங்க. "அங்க ஒரு கொக்கி வரும் பாரு." வந்துது. நீ கண்ணை மூடிக்கொள்வாய். ஒன்றும் தெரியாத நான் உனக்குச் சொல்வதற்காகவே காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு, எனக்குப் பாட்டு பிடித்துப்போயிற்று. "நல்லா கீதாய்யா?" என்று கேட்டால், "உன் செலக்சனாச்சே" என்பாய். அதற்கு நான் பூரித்துப்போவேன். நல்லா இருக்கு என்று நீ சொல்லவே இல்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஏன்யா சொல்லவில்லை? எனக்குக் கோபம்கூட வருகிறது. மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம், கடைக்காரர் ஒரு வாரம் டைம் கொடுத்தார். இல்லை, திருகு இருக்கிறது, ஏற்றிக்கொள்கிறேன், நீ கொஞ்சம் தள்ளி உட்காரு என்று சொல்லியிருந்தால் என்ன? காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேனா? மிளகாய் நெடியில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு இந்தச் சத்தம் ஒரு சத்தமா?

என் மனசு நோகக்கூடாது என்றுதான் நீ சொல்லவில்லை என்கிறான் எட்வின். இருக்கலாம். அது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் வேலைக்குப் போன பிறகு உன் வீணை உனக்குக் கேட்டது. நான் வாசலில் வந்து நின்றால் அது மங்கியது. ஒரு நாள் ஓவர்டைம் பார்த்துவிட்டு நேரம் கழித்து வந்தால், "இன்னாமே இவ்ளோ லேட்டு" என்று கோபப்பட்டிருக்கிறாய். அன்றைக்கெல்லாம் உனக்குக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பாட்டு கிடைத்திருக்கும். இருந்தும் கோபப்பட்டாய். இதை நான் எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

நீ போனதும் ஒரு மத்தியானம்தான். சேரில் உட்கார்ந்தபடியே. முடிந்த பாட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்ததாம், அண்ணன் தூங்கிட்டாரா என்று எட்வின் எட்டிப் பார்த்திருக்கிறான். எனக்குப் போன் வந்து நான் ஓடிவருவதற்குள் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். திருகை யாரும் தொடவில்லை. அன்றைக்கு மட்டும் அதை இறக்கி வைக்க உனக்கு நேரமில்லை. கடைசியாகக் கேட்டது முழுசாகக் கேட்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்ளலாம். நினைக்கிறேன். ஆனாலும் பக்கத்துச் சேர் காலியாகத்தானே இருந்திருக்கிறது?

எட்வின் போகும்போது, "எறக்கி வுட்டுட்டுப் போவட்டாக்கா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மதியம் சோறு தின்றுவிட்டு, மறுபடியும் போட்டு, கொஞ்ச நேரம் அப்படியே கேட்டேன். குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்தது, குத்தினதாலா வேறு எதனாலா என்று பிரிக்கத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டபோது, அழுவுற மாதிரி இழுக்கிற இடத்தில், விரல் தந்தியில் உராய்கிற சத்தம் ஒன்று கேட்டது. அத்தனை சாயங்காலத்தில் ஒரு நாளும் அதை நான் உனக்குச் சொன்னதில்லை. எனக்கு அது கேட்டதே இல்லை. நீ கேட்டிருக்கிறாய்.

இப்போதும் எனக்குச் சத்தம் போட்டுப் பேசுகிற பழக்கம் போகவில்லை. பேக்கிங் டேபிளில் பக்கத்தில் நிற்கிறவள், "ஏன்க்கா கத்துற, இங்கதான நிக்கிறேன்" என்கிறாள். ரேஷன் கடையில் நான் வாயைத் திறந்தால் வரிசையே திரும்பிப் பார்க்கிறது. மகள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வாளாம். என்ன செய்ய, உன் காதுக்கு எட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காக ஏற்றி வைத்த குரல், இறக்க வரவில்லை. சோறு போடவா, மாத்திரை போட்டியா, கேஸ் வந்துதா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி உன்னிடம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். அந்தக் கடையில் மட்டும், "உனுக்கு எதுய்யா கேக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.