காலை ஆறரைக்கு மாமா பேசுவார்

பெண்கள் விடுதி, கேப் கோஸ்ட்
பிப்ரவரி 9

காலை ஆறரை மணியின் சிங்கமே, என் அம்மாவின் ஒரே அண்ணனே, கோபினா மாமா,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கையில் கைபேசி சிக்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் பழைய காலத்து ராணி மாதிரி தாளில் எழுதுகிறேன்.

இங்கே மின்சாரம் வருவதைவிடப் போவது அதிகம். மோட்டார் ஓடவில்லை. நானூறு பெண்கள் வாளியோடு கிணற்றடியில் நிற்கிறோம். நேற்று என் முறை வந்தபோது அடியில் இருந்தது சேறும் ஒரு தவளையும்தான். "நீ துடுப்புக் கட்சியா, நண்டுக் கட்சியா?" என்று கேட்டேன். ஒரே தாவில் கட்சி மாறிவிட்டது.

மாமா, இரண்டு வருடம் நான் வரி எழுதினேன், நீங்கள் காலை வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்து அதைப் பேசினீர்கள். "நண்டு ஆட்சியில கரண்ட்டும் நண்டு மாதிரிதான், பக்கத்து வீட்டுக்குப் போகும், நேரா நம்ம வீட்டுக்கு வராது!" ஊரே சிரித்தது. சிரித்த ஊர் ஓட்டும் போட்டது. நானும் போட்டேன், பதினெட்டு வயதின் முதல் ஓட்டு. மை அழியக் கூடாதென்று பத்து நாள் அந்த விரலைக் கழுவவே இல்லை.

இப்போது குடியரசுத் தலைவர் நம் துடுப்புக் கட்சிக்காரர். பதவியேற்று ஒரு மாதமும் ஆகிவிட்டது. மின்சாரம் எப்போது ஒழுங்காக வரும்? ஒரு தேதி சொல்லுங்கள். "எங்க மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன்"னு நானூறு பேரிடமும் பீற்றி வைத்திருக்கிறேன்.

உங்கள் வரி எழுதுபவள் (இன்னும் வரி கட்டாதவள்),
எகுவா

பி.கு. வறுத்த மரவள்ளி மாவும் மீன் மிளகாய்த் தொக்கும் தீர்ந்துவிட்டன. பட்டினி கிடப்பவளுக்கு நகைச்சுவை வராது.


அபந்தோ
பிப்ரவரி 23

வாலில்லாத குரங்குக்கு,

மாமா எழுதுவது. மாவும் தொக்கும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. தொக்கை நீ தின்பதற்குள் தோழிகள் தின்றுவிடுவார்கள், பார்த்துக்கொள்.

தேதியெல்லாம் கேட்காதே. நண்டுக்காரர்கள் எட்டு வருடம் கெடுத்ததை எட்டு வாரத்தில் சரிசெய்ய முடியுமா? நான் காஜா போடவே ஒரு நாள் எடுத்துக்கொள்கிற தையல்காரன். பொறுமை வேண்டும்.

இங்கே பெரிய தலைவலி மன்சா. எதிர்க் கட்சிக்காகத் தினமும் அழைப்பாளே, அந்தத் தக்காளிக் கடை மன்சாதான். போன வருடம் வரை "மின்வெட்டா? எங்க? எனக்குத் தெரியலையே!" என்று கண்ணை உருட்டியவள், இப்போது நம் நண்டு வரியையே துடுப்பு என்று மாற்றிப் பேசுகிறாள். "துடுப்பைப் பிடிச்சீங்களே, படகு நகரலையே கோபினாண்ணே!" நிகழ்ச்சி நடத்துபவனும் சிரிக்கிறான்.

ஆகையால் நீதான் காப்பாற்ற வேண்டும். தாக்குகிற வரி வேண்டாம், தாங்குகிற வரி வேண்டும். மாவட்டக் குழுவில் எனக்கு ஓர் இடம் தருவதாக நம் ஊர்க் கட்சித் தலைவர் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் நான் வாயடைத்து நிற்கக் கூடாது. நல்லதாக மூன்று வரி அனுப்பு.

அன்புடன்,
கோபினா மாமா

பி.கு. உன் அம்மாவின் குளிர்பெட்டியில் இரண்டு பெட்டி மீன் கெட்டுப் போய்விட்டது. கொஞ்சம் கோபமாக இருக்கிறாள். நீ ஒன்றும் கவலைப்படாதே.


கேப் கோஸ்ட்
மார்ச் 8

மாட்சிமை பொருந்திய, வருங்கால மாவட்டக் குழு உறுப்பினர் அவர்களுக்கு,

கேட்ட மூன்றும் இதோ.

"கரண்ட்டும் மனுஷன் மாதிரிதான், கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டுமே!"

"மீனை அன்னன்னைக்கே வித்துட்டா குளிர்பெட்டி எதுக்கு? சோம்பேறிங்களுக்குத்தான் ஐஸ் வேணும்!"

"இருட்டைப் பத்தியே பேசுறவங்களுக்கு நம்ம நாட்டையே பிடிக்கலைன்னு அர்த்தம்!"

ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் மாமா. பிடித்திருந்தால் பேசுங்கள். பிடிக்காமல் கிழித்துப் போட்டால் எனக்கு அதைவிடப் பிடிக்கும்.

எகுவா


அபந்தோ
ஏப்ரல் 2

எகுவா,

பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். எவ்வளவு கோபம் என்று புரிந்துகொள்.

மூன்றையும் ஒரே மூச்சில் பேசினேன். நன்றாக விழுந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த அழைப்பு மன்சா. சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. "ஐயோ கோபினாண்ணே! மூணும் நான் போன ஜூன்ல பேசினதுண்ணே! ஒரு சொல்லு மாறல! அன்னைக்கு என்னை வெட்கங்கெட்டவள்னு சொன்னீங்களே, இன்னைக்கு அந்த வெட்கத்தை யாருக்கு வித்தீங்க?"

இப்போது என் கடை வாசலில் போகிற பொடியன்கள்கூட "ஓய்வு எடுக்கட்டுமே!" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்தபோது மூன்றுமே எனக்குப் பிடித்திருந்தன. மீன் வரிதான் மிகவும் பிடித்தது. என் தங்கை அரபா மீன் விற்கிறவள் என்பது, அதைப் பேசி முடித்துக் கைபேசியைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. உன் அம்மா அப்போது மறுபடியும் கெட்டுப்போன மீனைக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தாளாம், பக்கத்தில் வானொலி பாடிக்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு அனுப்புவதில்லை. வழியில் பார்த்தால் முக்காடு போட்டுக்கொண்டு போகிறாள்.

சரி, எனக்குப் பாடம் நடத்திவிட்டாய். உனக்கு யார் நடத்துவது?

லைன்மேன் பென்டில் ஞாபகம் இருக்கிறதா? "நம்ம தெருக் கரண்ட்டைத் திருடி நண்டுத் தலைவரோட ஐஸ் கடைக்கு விக்கிறான் பென்டில்." அந்த வரி உன்னுடையது, வாய் என்னுடையது. அதில் ஓர் எழுத்தும் உண்மையில்லை என்பது நம் இருவருக்குமே தெரியும். மறுநாள் அவன் கம்பத்தில் ஏறியதும் கீழே இருந்தவர்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்கள். உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் அவன் மேலேயே உட்கார்ந்திருந்தான். நீ அப்போது விடுமுறையில் இருந்தாய், என் கடையில் நின்று வேடிக்கை பார்த்தாய். சிரித்தாய். நானும்தான். அதன் பிறகு அவன் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான்.

நண்டுக்கு எதிராக நம் ஊரில் விழுந்த ஓட்டில் எத்தனை அந்த வரிக்காக விழுந்தது? மின்சாரத்தைக் கேட்கத் தெரிந்த உனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையா?

கோபினா


கேப் கோஸ்ட்
ஏப்ரல் 27

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை தொடங்கினேன். ஐந்து தடவையும் முதல் வரி ஒரு நகைச்சுவையாகவே வந்து விழுந்தது. கிழித்துவிட்டேன்.

மூன்று வரிகளும் மன்சா அத்தையுடையவை என்று தெரிந்தேதான் அனுப்பினேன். அவள் பேசியதையெல்லாம் அப்போது ஒரு நோட்டில் எழுதி வைப்பேன், நக்கல் அடிப்பதற்காக. உங்களுக்குக் கேட்ட உடனே அடையாளம் தெரியும், வெட்கப்படுவீர்கள் என்று நினைத்தேன். ஊரே கேட்கப் பேசுவீர்கள் என்று நினைக்கவில்லை. அம்மா காதில் விழும் என்றும் நினைக்கவில்லை. அதற்கு மன்னித்துவிடுங்கள்.

பென்டில் விஷயம். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்த ஒன்றை உங்களிடம் மறைத்தேன். முதலாமாண்டில் அட்வோவா என்று ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், முழுப் பெயர் அட்வோவா பென்டில். கிணற்று வரிசையில் எனக்கு இரண்டு பேர் தள்ளி நிற்பாள். என் தவளை நகைச்சுவைக்கு விடுதியிலேயே அதிகம் சிரித்தவள் அவள்தான். ஒருநாள் அவளாகவே சொன்னாள், "அக்கா, எங்கப்பாவும் உங்களை மாதிரி நல்லா ஜோக் சொல்லுவாரு. இப்ப சொல்றதில்ல. உயரத்துல ஏறவும் மாட்டேங்குறாரு, ஆபீஸ்ல பில்லு எழுதுற வேலை கேட்டு வாங்கிட்டாரு."

நான் என் வாளியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குள் போய்விட்டேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை எழுதினது நான்தான் என்றேன். அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "அப்ப நான் உங்க ஜோக்குக்கு சிரிச்சதெல்லாம்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள்.

மாமா, என் ஓட்டைத் திரும்ப வாங்க முடியாது, வாங்கவும் மாட்டேன். துடுப்புக்கே போட்டது போட்டதுதான். ஆனால் போட்டதோடு என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேனே, அதுதான் தப்பு. பென்டில் பற்றிய உண்மையை வானொலியில் சொல்லுங்கள், என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு மாவட்டக் குழு இடம் போய்விடும் என்பது தெரியும். சொல்லத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்த முடியாது. கேட்க மட்டும் முடியும்.

எகுவா


அபந்தோ
மே 16

கண்ணு எகுவா,

இரண்டு வாரம் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். துணி வெட்டும்போது இரண்டு தடவை கோணலாக வெட்டிவிட்டேன். நேற்றுக் காலை பேசினேன்.

அழைத்ததும் நிகழ்ச்சிக்காரன் வழக்கம் போலக் கேட்டான், "யார் பக்கம் பேசுறீங்க? துடுப்பா, நண்டா?" அவன் முன்னால் இருக்கும் தாளில் இரண்டே பத்திகள்தான், எந்தப் பக்கம் எத்தனை பேர் அழைத்தார்கள் என்று கோடு போடுவான். "ரெண்டும் இல்லப்பா" என்றேன். "அப்படி ஒரு எடம் இல்லையேண்ணே, எங்க எழுத?" என்றான். "ஓட்டுப் போட்டவன்னு எழுதிக்கோ" என்றேன்.

இரண்டே செய்தி சொன்னேன். மின்வெட்டு இருக்கிறது, என் தங்கையின் மீன் அதில்தான் கெட்டது, இல்லை என்று நான் பேசியது பொய். பென்டில் திருடவில்லை, அதையும் நான்தான் பொய்யாகச் சொன்னேன், எழுதியது என் தங்கை மகள் எகுவா. நீ கேட்டாயே என்றுதான் உன் பெயரைச் சொன்னேன்.

அடுத்து மன்சா வந்தாள். நண்டுப் பக்கம் வந்துவிட்டேன் என்று கொண்டாடுவாள் என எதிர்பார்த்தேன். "இன்னைக்கு எனக்குப் பேச ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள். இன்று காலை வழக்கம் போலக் கத்தினாள், அது வேறு. அந்த ஒரு நாளை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

தலைவரிடமிருந்து மதியமே ஆள் வந்தது. மாவட்டக் குழுவில் எனக்கு நாற்காலி இல்லையாம். கட்சிச் சீருடை தைக்கக் கொடுத்த துணியையும் திரும்ப எடுத்துப் போனார்கள். போகட்டும். அரபா இன்னும் சோறு அனுப்பவில்லை. ஆனால் முக்காடு போடாமல் கடை வாசல் வழியே போனாள். "பேசினதைக் கேட்டேன்" என்றாள்.

பென்டில் இப்போது டகோராடியில் இருக்கிறாராம், விசாரித்துவிட்டேன். உனக்கு ஜூன் முதல் சனிக்கிழமை வெளியே போக அனுமதி உண்டல்லவா? காலையில் விடுதி வாசலில் நிற்பேன். அட்வோவாவிடம் கேள். வர விருப்பம் இருந்தால் அவளும் வரட்டும், இல்லையென்றால் விட்டுவிடு. போய்க் கதவைத் தட்டுவோம். திறப்பாரா, முகத்தில் அடித்துச் சாத்துவாரா, தெரியாது.

அங்கே என்ன பேசுவது என்று மட்டும் எதுவும் எழுதி வைக்காதே.

உன் மாமா,
கோபினா