மெட்ராஸ் வரைக்கும்தான் டிக்கெட்

டோக்கியோ
4-4-1986

சிரஞ்சீவி பாலுவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். ராஜிக்கும் குழந்தை மீனாக்ஷிக்கும் அப்படியே.

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். உன் சிநேகிதன் சிவராமகிருஷ்ணன் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தான். அவன் பெண்டாட்டி ஸ்வர்ணா தங்கமான பெண். நேற்று அசகுசா கோயிலுக்கு அழைத்துப் போனாள். வாசலில் அண்டா மாதிரி ஒன்றில் ஊதுவத்தி புகைகிறது. வலிக்கிற இடத்தில் அந்தப் புகையைத் தடவிக்கொள்ள வேண்டுமாம். இரண்டு முழங்காலிலும் தடவிக்கொண்டேன். மூன்று வருஷமாகக் குழந்தையைத் தூக்கின காலாச்சே! "மாமி, இனிமே நீங்க ஓட்டப் பந்தயத்துக்கே போகலாம்" என்று ஸ்வர்ணா கேலி பண்ணினாள்.

ஒரு விஷயம். என் கிரீன் கார்டு கைப்பையில் இல்லை. அது இல்லாமல் திரும்ப அமெரிக்காவுக்குள் விடமாட்டார்களே. டிக்கெட்டும் மெட்ராஸ் வரைக்கும்தான், திரும்பி வருவதற்கு இல்லை என்று ஸ்வர்ணா படித்துச் சொன்னாள். ஜப்பான் பார்த்துவிட்டு, மெட்ராஸில் இரண்டு மாசம் இருந்துவிட்டு வா என்றுதானே சொன்னாய்? ஆபீஸ் அவசரத்தில் மறந்திருப்பாய். மே இரண்டாம் தேதி நான் இங்கிருந்து கிளம்புவதற்குள் கார்டை இந்த விலாசத்துக்கு அனுப்பு. போன் பண்ணினால் மீட்டிங் என்கிறாய்.

மீனு சாதம் சாப்பிடுகிறாளா?

அம்மா
அபயாம்பாள்

*

சன்னிவேல்
12-4-1986

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம்.

கார்டு என்னிடம்தான் இருக்கிறது. மறக்கவில்லை. நீ குளிக்கப் போனபோது உன் பையிலிருந்து எடுத்தேன்.

பிரீஸ்கூலில் மீனு ஏழு மாசமாக வாயே திறக்கவில்லை. வீட்டில் தமிழை அடியோடு நிறுத்துங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். நீ இருக்கும்வரை அது எப்படி முடியும்? உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "நாலு கோயில் பார்த்தா அம்மா மனசு ஆறும்" என்று ராஜிதான் ஜப்பானில் ஒரு மாசம் ஏற்பாடு பண்ணச் சொன்னாள். மெட்ராஸில் அக்கா உன்னைப் பார்த்துக்கொள்வாள்.

டீச்சர் சொன்னது சரிதான் அம்மா. நீ போன நாலாம் நாள் மீனு முதல்முதலாக முழு வாக்கியம் இங்கிலீஷில் பேசினாள். "வேர் இஸ் பாட்டி?" என்று கேட்டாள்.

பாலு

*

கியோட்டோ
21-4-1986

பாலு,

அவள் கேட்டதை எழுதினாய். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே?

ஸ்வர்ணாவின் பிள்ளை ஜப்பான் பாஷையும் பேசுகிறான், என்னிடம் தமிழும் பேசுகிறான். போகட்டும். டீச்சர் படித்தவள், நான் அஞ்சாங்கிளாஸ். வாதாடவில்லை.

கோயில் பார்க்க என்னை இந்த ஊருக்கு அழைத்து வந்த ஸ்வர்ணா காய்ச்சலில் சத்திரத்திலேயே படுத்துவிட்டாள். நேற்று நான் தனியாகவே சிவப்பு வாசல் கோயிலுக்குப் போனேன். மலை உச்சிவரை ஆயிரக்கணக்கில் வாசல்கள், ஒன்றின் பின்னால் ஒன்றாக. சீட்டில் எழுதியிருந்த பெயரைக் காட்டியே ரயில் ஏறினேன். பசித்தது. கடைக்காரக் கிழவி ஏதோ பலகாரம் நீட்டினாள். முட்டை போட்டதா என்று எப்படிக் கேட்பது? இரண்டு கையையும் கோழிச் சிறகு மாதிரி அடித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து, இல்லையென்று கையை ஆட்டி, டீயும் ஊற்றிக் கொடுத்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முடிகிறது, பாலு.

யாரிடமும் எதையும் கேட்டு வாங்கினவள் இல்லை நான். இப்போது கேட்கிறேன். உன் வீட்டில் இப்படியே இருந்துவிடுகிறேன். வாயைத் திறக்கமாட்டேன். மீனு கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். சாதம் ஊட்டவும் தலை வாரவும் பாஷை எதற்கு? தூக்கத்தில் தமிழில் உளறிவிடுவேன் என்று ராஜி பயந்தால் கராஜில் படுத்துக்கொள்கிறேன்.

கார்டை அனுப்பு.

அம்மா