தமிழில் சொன்ன பொய்

நேற்றுச் சாயங்காலம் ஸ்டேடியம் வாசலில் கப்பலண்டி வறுக்கிற சூட்டு மணலின் வாசனை அடித்தது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. உன்னை நினைக்க இன்னும் கொஞ்சம் கௌரவமான காரணம் கிடைத்திருக்கலாம். என்ன செய்வது, ஆட்டம் தொடங்குமுன் அந்த வேர்க்கடலையில் ஒரு பொட்டலத்தை ஒற்றை ஆளாகத் தின்று முடித்து, "தொண்டைக்கு எண்ணெய் போட்டாச்சு, இனி கூவலாம்" என்று எழுந்து நிற்கிறவன் நீ. கூவுவது என்றால் எதிராளி பந்தைக் கையில் எடுத்ததும் அவன் காது கூசும்படி கத்தி அவன் கவனத்தைக் கெடுப்பது. ஊரில் எல்லோரும் அதை விளையாட்டாகச் செய்தார்கள். நீ உத்தியோகமாகச் செய்தாய்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இப்போது பேசாமல் இருந்துவிடலாம். நான் உன் முகத்துக்கு நேரே எதையும் சொன்னவன் இல்லை. நீ சிரித்தால் நானும் சிரித்தேன், அவ்வளவுதான் என் வீரம்.

கல்லூரி பாஸ்கெட்பால் சீசன் நேற்றோடு முடிந்தது. நாம் இரண்டு பேரும் அந்தக் கல்லூரியில் பி.காம். படித்து முடித்து, ஆளுக்கொரு ஆபீஸில் உட்கார்ந்த பிறகும், ஒரு ஆட்டம் விடாமல் போனோம். இத்தனைக்கும் இரண்டு பேரும் பந்தைத் தொட்டவர்கள் இல்லை. நீ ஐந்தடிக்கு மேல் இரண்டு அங்குலம். எனக்கு மாடி ஏறினாலே மூச்சிரைக்கும். ஆடத் தெரியாதவனுக்குத்தான் ஆடுகிறவன் மேல் அவ்வளவு ஆத்திரம் வரும் என்று இப்போது தோன்றுகிறது. ரிங் கம்பத்துக்குப் பின்னால் மூன்றாவது படியில் நம் இடம். ஃபவுலுக்கு ஈடாக ஃப்ரீ த்ரோ போட நிற்கிறவன் ரிங்கைப் பார்த்தால் அதன் கீழே நம் முகம்தான் தெரியும்.

நீ கூவினதெல்லாம் மலையாளத்தில். "மோனே, கை வெறைக்குன்னல்லோ" என்று நீ இழுத்துச் சொன்னால் உண்மையாகவே கை நடுங்காதவனுக்கும் நடுங்கும். எல்லா டீமிலும் ஒன்றிரண்டு அக்ரஹாரத்துப் பையன்கள் இருந்தார்கள், கரமனையோ ஸ்ரீவராகமோ. அவர்களையும் மலையாளத்தில்தான் கூவினோம். யாரும் கூடிப் பேசி வைத்த சட்டம் இல்லை. கூவல் மைதானத்துச் சரக்கு, தமிழ் வீட்டுக்குள் பேசுவது. அதனால்தான் முந்தின நாள் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் மறுநாள் கோயில் வாசலில் உன்னைப் பார்த்து, "என்ன, தொண்டை சரியாச்சா?" என்று சிரிக்க முடிந்தது. அந்தச் சிரிப்பை நாம் சிநேகிதம் என்று நினைத்துக்கொண்டோம்.

சீசன் முடிகிற வாரம் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. பரீட்சை வந்துவிடும், கடைசி வருஷத்துப் பையன்கள் ஜெர்சியைக் கழற்றி மடித்து வைப்பார்கள், அதோடு சரி. பாதிப் பேர் பிறகு பந்தைத் தொடுவதே இல்லை. அடுத்த வருஷம் என்பது ரசிகனுக்கு மட்டும்தான் உண்டு. நாம் அதே படியில் உட்கார்ந்து அடுத்த தொகுதிப் பையன்களைக் கூவுவோம். ஆடினவனுக்கு அந்த நாற்பது நிமிஷம் போனால் போனதுதான்.

நீ அந்தக் காரியத்தைச் செய்த சீசன் அனந்துவுக்குக் கடைசி வருஷம். எங்கள் கரமனைத் தெருவில் நாலாவது வீடு, எதிரணிக் கல்லூரியின் கேப்டன். என்னை அண்ணா என்று கூப்பிடுவான். அவன் அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு காலையில் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனவள், திரும்பவில்லை. தெரு தன் பங்குக்குப் பல கதை கட்டியது. அவன் அப்பாவோ வீட்டிலிருந்த போட்டோக்களை எல்லாம் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டார். கல்யாண போட்டோவும் அதில் போயிற்று.

அந்த வருஷத்து ஃபைனலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அனந்து பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு சர்க்கார் ஆபீஸ் டீமுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறார்கள், ஒரே ஒரு இடம், ஆபீஸர்கள் ஃபைனல் பார்க்க வருகிறார்கள் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"வேலை கெடச்சா மொத லீவுலயே அம்மாவைத் தேடிப் போவேன் அண்ணா. பம்பாய்ல இருக்கான்னு ஒருத்தர் சொன்னார். அப்பாகிட்ட சொல்லிடாதீங்கோ, கேட்டேளா?"

அப்பாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னேன். அன்றைக்கே, டீக்கடையில், இரண்டாவது வாய் டீ குடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். என்னிடம் ஒரு சேதி இருக்கிறது என்ற பெருமை, வேறொன்றும் இல்லை. "பாவம்டா" என்றாய். நீ பாவம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஃபைனலில் நாம் ஒரு பாயிண்ட் முன்னால். முடிய நாலு விநாடி. நம் பையன் புத்தி இல்லாமல் அனந்துவை இடித்துத் தள்ளினான், ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் கப் அவர்களுக்கு. அந்த சீசன் முழுக்க அவன் ஃப்ரீ த்ரோவில் தவறி நான் பார்த்ததே இல்லை. நாம் என்ன கூவினாலும் அவனுக்கு மழை பெய்கிற சத்தம்தான். ஆபீஸர்கள் இரண்டு பேரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள்.

நம் கும்பல் கத்தத் தொடங்கியது. நீ எழுந்து கையைத் தூக்கி அமர்த்தினாய். எல்லோரும் அடங்கினார்கள். ரெஃப்ரி பந்தை அவன் கையில் கொடுத்தார். நீ கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் சேதி சொல்கிற குரலில், தமிழில் சொன்னாய்.

"அனந்து, அங்க பாரு. ஒங்கம்மா வந்திருக்கா."

சொல்லிவிட்டுப் பெண்கள் உட்காருகிற பக்கத்து வாசலைக் கை காட்டினாய். அவன் திரும்பினான். பந்தைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, அங்கே நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கொடுத்த பந்தை ஐந்து விநாடிக்குள் போட்டுவிட வேண்டும். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். விசில் ஊதி முதல் வாய்ப்பு போயிற்று. இரண்டாவதை வாங்கினதும் ரிங்கைப் பாராமலே எறிந்தான். போர்டில் கூடப் படவில்லை. ஆட்டம் முடிந்த விசில் கேட்டதும் அவன் தன் டீமிடம் போகவில்லை. அந்த வாசல் வழியாக ரோட்டுக்கு ஓடினான், ஜெர்சியோடு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

நாம் சிரித்தோம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து சிரித்தாய். நான் உன் முதுகில் தட்டினேன். பிறகு பரோட்டா தின்னப் போனோம், இரண்டாவது தடவை சால்னா கேட்டு வாங்கினோம். வேலை நம் டீம் பையன் ஒருவனுக்குப் போயிற்று. அவனும் நல்ல பையன்தான். ஆனால் அனந்துவின் முழங்கால் உயரத்துக்குக்கூட அவன் ஆட்டம் வராது.

ஆறு மாசத்தில் அனந்து நாகர்கோவில் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போய்விட்டான். பந்தைத் தொடவில்லை. தேடியும் போகவில்லை. அப்பா தவறின பிறகுதான் திரும்பி வந்து, இங்கேயே ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தான். அதுவரை நீயும் நானும் அவனைப் பற்றிப் பேசினது, ஆட்டக் கதை சொல்லிச் சிரிக்கும்போது மட்டும்.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது, பதினோரு நாள், முடிந்தது. கூவுகிற கும்பலில் பாதிப் பேர் உன் சாவுக்கு வரவில்லை. அனந்து வந்தான். உன்னைத் தூக்கினவர்களில் அவனும் ஒருவன். நீ கனம் இல்லை, அது ஒன்றுதான் நீ அவனுக்குச் செய்த உபகாரம்.

எரித்துவிட்டு வந்து கரமனை ஆற்றில் முழுக்குப் போட்டோம். ஈர வேட்டியோடு படியில் நின்றபோது பக்கத்தில் வந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு ஃபைனல்ல அம்மா வந்திருந்தாளே. நீங்களும் பாத்தேளா?"

நான் வேட்டி நுனியைப் பிழிந்தேன். அவனே பேசினான்.

"அவர் கேலி பண்ணினார்னு எல்லாரும் சொல்றா. கேலின்னா மலையாளத்துல சொல்லியிருப்பார், அல்லே? ஆத்துக்குள்ள பேசற தமிழ்ல யாராவது கூவுவாளா? நான் ஓடிப் போறதுக்குள்ள அம்மா போயிட்டா, அவ்வளவுதான். அவர் ஒருத்தராவது எங்கிட்ட சொன்னாரே. அந்த நன்னிக்குத்தான் இன்னிக்கு வந்தேன்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், வேலை போனதும் ஆட்டம் போனதும் இரண்டு வெட்டிப் பயல்களின் வாய்க்கொழுப்பால் என்று ஆகும். அம்மா வரவே இல்லை என்றும் ஆகும். அவனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பயந்துதான் மூடிக்கொண்டேன்.

"பாத்தேன்" என்றேன்.

"என்ன பொடவை கட்டிண்டிருந்தா?"

"பச்சை."

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மாவுக்குப் பச்சையே பிடிக்காது அண்ணா. கடையில எடுத்துக் காட்டினாக்கூடத் தள்ளி வெச்சுடுவா."

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவன் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்போ அங்க யாரோ ஆசையா எடுத்துக் குடுத்திருக்கா. அவளும் கட்டிண்டிருக்கா. நன்னா இருக்காளோன்னோ, அது போரும்."

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்குக் கொஞ்சம் ருசித்தது. நான் எறிந்தது நேராக வலைக்குள் விழுந்த மாதிரி. படியில் உட்கார்ந்து நீ அப்படிச் சிரித்தது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனும் உன் இடத்தில் அவன் உட்காருகிறான். கூவுவதில்லை. யாராவது ஃப்ரீ த்ரோ போட நின்றால் எல்லோரும் ரிங்கைப் பார்ப்பார்கள், அவன் அந்த வாசலைப் பார்ப்பான். இடையிடையே ஒரு கேள்வி கேட்பான். இளைத்திருந்தாளா? கொஞ்சம். கண்ணாடி போட்டிருந்தாளா? ஆமாம். கையில் பை இருந்ததா? சின்னதாக ஒன்று. நான் ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறேன். ஒரு தடவை சொன்னதை மறு தடவை மாற்றிவிடக் கூடாதே. பொய் சொல்ல உன்னைப் போல எனக்குச் சாமர்த்தியம் கிடையாது.

நேற்று ஃபைனல். வெளியூர்ப் பையன் ஒருவன் கடைசி நிமிஷத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டான். நம் பக்கத்துப் பயல்கள் படிமேல் ஏறிக் குதித்தார்கள். அந்தச் சத்தத்தில் அனந்து என் காதருகே வந்தான்.

"நான் ரெண்டையும் விட்டதை அம்மா பாத்தாளா அண்ணா?"

இந்தக் கேள்விக்கு நோட்டில் பதில் இல்லை. அவன் மனசு நோகக் கூடாது என்று அவசரமாகச் சொன்னேன்: "இல்லடா. நீ திரும்பிப் பாத்தியே, அப்பவே கெளம்பிட்டா."

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"நான் பாக்கறது தெரிஞ்சுமா போனா?"

பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்றேன். கூட்டத்தில் அவனைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள் என்றேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன் முகம் செத்துக்கொண்டே வந்தது. பிறகு "வரேன் அண்ணா" என்று எழுந்து போனான். வாசலைக் கடக்கும்போது முதல் தடவையாக அந்தப் பக்கம் பார்க்காமல் போனான்.

நீ ஐந்து வார்த்தை சொல்லிவிட்டுச் செத்துப்போனாய். அந்தப் பெண் பம்பாயில் இருக்கிறாளோ, எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ எனக்குத் தெரியாது. நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன், அவள் ஏன் திரும்பிப் பார்க்காமல் போனாள் என்று. நாளைக்கு மருந்துக் கடைக்குப் போய் அவனுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவன் அம்மா இப்போது என் பொறுப்பில் இருக்கிறாள்.