மரமாகிப்போன தேயிலை

அன்பு மகன் தனுஷனுக்கு, அம்மா சொல்லத் தங்கச்சி எழுதுவது. இங்கே அப்பாவும் நாங்களும் சுகமாயிருக்கிறோம், அங்கே வெயிலில் நிற்கிற உன் உடம்பைப் பற்றித்தான் எந்நேரமும் நினைப்பு. போனில் உன் குரல் வருவதும் அறுவதுமாக இருப்பதால் எழுதச் சொன்னேன். கடைக்கார ரஸாக் நானா வெள்ளிக்கிழமை டோஹா வருகிறார், கடிதமும் பார்சலும் அவர் கையில் வரும். போன சனிக்கிழமை தங்கச்சியின் வகுப்பை இரத்தினபுரி டவுன் ஓரத்து ரிசர்வ் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள், துணைக்கு நானும் போனேன். பஸ் ஹோர்ன் சத்தம் கேட்கிற தூரம்தான், ஆனால் உள்ளே கால் வைத்தால் பகலிலும் இருட்டு. டவுன் பிள்ளைகள் அட்டைக்குப் பயந்து கத்த, காலில் சவர்க்காரம் தேய்த்துவந்த நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். நடுக்காட்டில் ஒரு மரம், நம்ம லயத்து வீட்டுக் கூரையைவிட உயரம், வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். சுற்றிக் காட்டிய காட்டு ஆபீசர் மாத்தையா என்ன மரம் என்று கேட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். எட்டுகிற கிளையில் ஒரு கொழுந்து இருந்தது, யோசிக்கும் முன்னே என் விரல் அதைக் கிள்ளிவிட்டது, கிள்ளிய பிறகுதான் தேயிலை என்று தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டமாம், கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் அப்படியே வளர்ந்துவிட்டதாம். பஸ் ஓட்டிவந்த செல்லையா அண்ணன், இருபத்திரண்டு வருஷமா கொழுந்து பறிச்சு இடுப்பளவுல பார்த்த புள்ள, வளந்ததும் அடையாளம் தெரியலையா ஜெயம்மா என்று கேலி பண்ணினார். நம்ம மலைத் தேயிலையையும் வெட்டாமல் விட்டால் எவ்வளவு உயரம் போகும், அதில் எந்தக் குருவி கூடு கட்டும் என்று அன்றிலிருந்து இதே யோசனை. மிளகாய்த்தூளுக்கு அடியில் ஒன்று வைத்திருக்கிறேன், என்னவென்று நீயே பார்த்துச் சொல். வேளைக்குச் சாப்பிடு, தொப்பி இல்லாமல் வெயிலில் இறங்காதே. முருகன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும்.
உன் அம்மா, ஜெயம்மா

அண்ணா, இனி எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா வைத்தது அந்த மரத்தின் கொட்டை. ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று காட்டு வாசலில் சிங்களத்தில் போர்டு இருந்தது. அம்மாவுக்கு அது வாசிக்கத் தெரியாது, நான் வாசித்தேன். அம்மா கொட்டையை முந்தானையில் முடிந்ததையும் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை நான் பார்த்ததில்லை, அதனால் வாய் திறக்கவில்லை. இன்று ரஸாக் நானா பார்சலைத் தூக்கிப் பார்த்து, விதை கிதை இருந்தா எயார்போர்ட்ல என்னைய உள்ள போட்டுருவாங்க புள்ள என்று சிரித்தார், அம்மாவும் சிரித்தார். அதனால் இப்போது அதை எடுத்துவிட்டேன். சனிக்கிழமை டியூஷனுக்குப் போகும்போது காட்டு வேலிக்கு உள்ளே போட்டுவிடுவேன். அதற்குமுன் இந்தத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன், கீழே இருக்கும் வட்டம்தான் அதன் அளவு. நிறம் மண்ணிறம், காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு அசைகிற சத்தம் கேட்கிறது. அம்மா போனில் கேட்டால் இதையெல்லாம் சொல்லுங்கள் அண்ணா, கையில் வைத்துப் பார்த்த மாதிரியே சொல்லுங்கள்.
தங்கச்சி தனுஜா