பாவாடையோடு கடைத்தெருவுக்கு

அக்டோபர் 7, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. தீபாவளி நெருங்குகிறது, மேசை முழுக்க ரவிக்கைத் துணி. வாத்தியார் வீட்டம்மா லைனிங் தராமலே போய்விட்டார். பச்சை நூல் தீர்ந்துவிட்டது. மெஷினுக்கு எண்ணெய் வாங்கணும்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரருக்கும் ஒரு பாவாடை தைத்தேன். கருநீலம். இடுப்பில் எலாஸ்டிக், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் நீளம், இரண்டு பக்கமும் பாக்கெட். பொம்பளைகளுக்குத் தைக்கும்போது பாக்கெட் வைப்பதில்லை. இவர் கேட்டார். "வண்டிச் சாவி வைக்கணும்ல."

குவைத்தில் சலவைக் கம்பெனியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், பங்குனியில் ஒரேயடியாக வந்துவிட்டார். இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ. உரம், நெல்லு மூட்டை ஏற்றுகிறார். வந்த புதிதில் எல்லோரையும் போல லுங்கிதான். ஆவணியில் ஒருநாள் பெட்டியிலிருந்து ஒரு பாவாடையை எடுத்துப் பிரித்தார். எனக்கு வாங்கி வந்தது என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவருக்காம்.

முதலில் வீட்டுக்குள். பிறகு கொல்லை. போன வாரம் வாசல். வண்டியிலும் அதோடுதான்.

அக்டோபர் 9, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். இன்று கேட்டே விட்டேன், மகள் கயல் டியூஷன் போன பிறகு.

"உங்களுக்குப் பொம்பளையா ஆகணுமா?"

"இல்ல."

"பின்ன என்னதாங்க?"

"ஒண்ணுமில்ல வசந்தி. அங்க சலவைக்கு வந்ததுல ஒண்ணை, ரூம்ல யாரும் இல்லாதப்ப சும்மா போட்டுப் பாத்தேன். அன்னிக்குத்தான் இந்த உடம்பு என்னுதுன்னு தோணுச்சு. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

"லுங்கி கட்டுறீங்களே, அது போதாதா?"

"லுங்கிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நீ தைக்கிறவ. நீயே சொல்லு."

யோசித்தேன். லுங்கியில் ஒரு மூட்டு. இதில் இடுப்புப் பட்டி, கொஞ்சம் சுருக்கு, கீழே மடிப்புத் தையல். வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இவ்வளவுக்குத்தானா டீக்கடையில் அப்படிச் சிரிக்கிறார்கள்? இவ்வளவுக்குத்தானா எனக்குத் தூக்கம் வருவதில்லை?

கயல் அவரோடு பேசுவதில்லை. பிளஸ் டூ. எல்லாம் என் வழியாகத்தான். "அவங்களை ரிப்போர்ட்ல கையெழுத்து போடச் சொல்லும்மா." அப்பா என்ற சொல் வீட்டில் கேட்டு நாளாகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

வாங்க வேண்டியது: கத்திரிக்காய், புளி, ஹூக், பச்சை நூல் (மறுபடி மறந்தேன்).

காலையில் கேட்டார். "என்கூட ஒரு தடவ கடைத்தெரு வரைக்கும் நடந்து வர்றியா?" கேட்ட விதம். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. சரி என்றேன்.

போனோம். கருநீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கையில் பை. உரக்கடையில் பேச்சு நின்றது. நாங்கள் தாண்டிய பிறகு திரும்பத் தொடங்கியது. சைக்கிள் கடையில் ஒருவன்: "அண்ணே, அண்ணியோடதைத் தெரியாம கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"

இவர் சிரித்தார். "இல்ல தம்பி. என்னுதுதான்."

பூக்காரி எனக்கு அளந்து கொடுத்துவிட்டு, வாயைச் சேலையால் மூடிக்கொண்டு, "ஐயாவுக்கும் ஒரு முழம் வேணுமா?" என்றாள். "எனக்கு வேணாம்மா. நம்ம வீட்டம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் குடு." கோபமே இல்லை. நான் போக வர என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வாய்க்கால் பாலத்தில் நின்றார். நடவு முடிந்த வயல் பக்கமிருந்து காற்று. பாவாடை புடைத்து, அமர்ந்தது. முகம் கல்யாண ஆல்பத்தில் இருக்கிற முகம். "எவ்வளவு லேசா இருக்கு பாரு," என்றார்.

"மழை வருது, வாங்க போவோம்," என்றேன்.

மழை வரவில்லை.

அக்டோபர் 15, புதன்

வாத்தியார் வீட்டம்மா வந்தார். லைனிங் கொண்டு வந்திருக்கிறார் என்று எழுந்தேன். "ஒண்ணும் நெனச்சுக்காத வசந்தி. துணிய அப்படியே குடுத்துரு. தஞ்சாவூர்ல குடுத்துக்கிறேன்." வெட்டாத துணி. கொடுத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர்.

காரணம் ரேஷன் கடை வரிசையில் தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள், நான் பின்னால் நிற்பது தெரியாமல்:

"அங்க தைக்கக் குடுக்கிறத எல்லாம் அந்தாளு போட்டுப் பாக்குறானாம்டி."

"அய்யய்ய. என்னுது ரெண்டு அங்க கெடக்கே."

சர்க்கரை வாங்காமல் திரும்பிவிட்டேன்.

உரக்கடைக்காரரும் வேறு வண்டி கூப்பிட்டுக்கொண்டார். இவர் நாள் முழுக்க வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவிடம் அழுதேன். "எங்க வீட்டுக்காரரு சவூதிலேர்ந்து வந்தா கணுக்கால் வரைக்கும் அங்கி போட்டுக்கிட்டுதான் பள்ளிவாசலுக்குப் போறாரு. எவன் கேட்டான்? ஊருக்குப் பழகிப்போச்சு, அவ்வளவுதான்," என்றார். மனபாரம் கொஞ்சம் இறங்கியது. டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு அவரே சொன்னார்: "இருந்தாலும் புள்ள, இது வேற."

எப்படி வேற? கேட்கவில்லை. அவரும் போய்விட்டால் யாரிடம் அழுவது?

அக்டோபர் 22, புதன். தீபாவளி

கொட்டுகிற மழை. எண்ணெய்க் குளியல். அதிரசம் பிரிந்து போனது. கயலுக்கு அவர் எடுத்த சுடிதார். போட்டுக்கொண்டாள், அவரிடம் காட்டவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டார்.

வெளியே போய்ப் பார்த்தால், லோடு ஆட்டோ கண்ணாடியில் யாரோ ஒரு பழைய உள்பாவாடையைக் கட்டி, அதில் சரவெடி கோத்திருந்தார்கள். நனைந்து வெடிக்கவில்லை. தெருவில் எல்லா வாசலிலும் ஆள். இவர் பொறுமையாக அவிழ்த்தார். உள்ளே கொண்டு வந்து சோப்புப் போட்டு அலசி, கொடியில் விரித்தார். சலவைக் கம்பெனியில் பழகிய கை, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"யாருதோ. தேடுவாங்க," என்றார்.

எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும்.

அக்டோபர் 26, ஞாயிறு

வெயில். இவருடைய அண்ணன், பெரிய அத்தான் கலியமூர்த்தி, வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்தார். பொதுவில் இருக்கிற நிலத்தை அவர்தான் பார்க்கிறார். அவர் பெண்ணுக்கு வருகிற ஞாயிறு கல்யாணம். இவர் தோளில் தூக்கித் திரிந்த பெண். வாசற்படி தாண்டி அவர் உள்ளே வரவில்லை.

"வேட்டியில வர்றதா இருந்தா வா. இல்லாட்டி வராத."

"வேட்டியும் கால மூடுற துணிதானேண்ணே."

"எங்கிட்ட வியாக்கியானம் பேசாத. மாப்பிள்ளை வீட்டுல நாலு பேரு கேப்பாங்க. என் பொண்ணு அங்க போயி வாழணும்."

"ஒருநாளைக்கு மாத்திக்கிட்டா, தப்பு பண்ணிட்டு ஒளிச்ச மாதிரி ஆயிடும். நான் என்ன தப்பு பண்ணேன்?"

பெரிய அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீயும் கயலும் முதல் நாளே வந்துருங்க. வாசல்ல சந்தனம் குடுக்க நீதான் நிக்கணும்."

அவர் போன பிறகு நானும் கெஞ்சினேன். "ஒரே ஒரு நாளைக்குங்க."

"நீயுமா?" என்றார். பிறகு, "நீங்க போயிட்டு வாங்க. நான் வரல."

நவம்பர் 3, திங்கள்

நேற்று எழுத வரவில்லை. இன்றும் கை வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

மண்டப வாசல். மேசை மேல் சந்தனம், குங்குமம், கல்கண்டு. தட்டோடு நான், பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு கயல். எதிரே பெரிய அத்தானும் சம்பந்தியும், வருகிறவர்களைக் கும்பிட்டபடி. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்தார்.

கருநீலப் பாவாடை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். படிய வாரிய தலை. கையில் ஜிகினாத்தாள் சுற்றிய பரிசு. வரமாட்டேன் என்றவருக்கு மனசு கேட்கவில்லை போல. மற்றவர்களைப் போலவே நடந்து வந்து என் மேசை முன் நின்றார்.

சம்பந்தி கேட்டார். "யாருங்க இது?"

பெரிய அத்தான் தடுமாறவே இல்லை. "தெரியலைங்க. இங்க சுத்திக்கிட்டு இருக்கிற ஆளு. சாப்பாட்டுக்கு வந்திருப்பான்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலை ஆடியது. எந்தப் பக்கம் ஆடியது என்பது எனக்குத் தெரியும்.

அவர் சந்தனத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயலைப் பார்த்தார். கயல் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவர் பரிசை மேசை ஓரத்தில் வைத்தார். "பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நான் அடுத்த ஆளுக்குச் சந்தனம் கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். ரசம் வைத்துச் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி வைத்திருந்தார்.

"சாப்டியா?"

"ம்."

"சாம்பார் நல்லா இருந்துச்சா?"

நன்றாக இருந்தது என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நவம்பர் 5, புதன்

இன்று பேண்ட். குவைத்திலிருந்து வந்தபோது போட்டிருந்தது. இடுப்பில் தொளதொளத்தது, பெல்ட்டில் புதுத் துளை போட்டுக்கொண்டார். அவ்வளவு இளைத்திருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை.

கயல் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பார்த்தாள். முகமே மாறிவிட்டது. "அப்பா, சூப்பரா இருக்கீங்கப்பா!" பஸ் ஸ்டாண்ட் வரை வண்டியில் விடச் சொன்னாள். முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனாள்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத வேண்டாம்.

நவம்பர் 16, ஞாயிறு

விட்டு விட்டு மழை. எல்லாம் பழையபடி. உரக்கடைக்காரர் கூப்பிட்டு லோடு கொடுக்கிறார். ரேஷன் வரிசையில் பேசிய பெண்களில் ஒருத்தி நாலு ரவிக்கைத் துணியோடு வந்து, "உன் கைத்தையல் மாதிரி வராதுக்கா," என்றாள். வாங்கிக்கொண்டேன். பெரிய அத்தான் வீட்டிலிருந்து கல்யாணப் பலகாரம் ஒரு டின். இவர் வைத்துவிட்டு வந்த பரிசைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மத்தியானம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட், மெடிக்கல் என்று காதில் விழுந்தது. ஏஜெண்ட். பழைய கம்பெனியிலேயே திரும்ப எடுக்கிறார்களாம்.

சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "போகாதீங்க. நீங்க அதையே போட்டுக்குங்க. ஊர்ல எவன் என்ன சொன்னா என்ன?"

சாதத்தைப் பிசைந்தபடி சொன்னார். "ஊரு சொன்னதுக்கு இல்ல வசந்தி."

 மோர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

திருச்சி ஏர்போர்ட். பனி, வழியெல்லாம் லைட் போட்டே வந்தோம். பருப்புப் பொடி, ஊறுகாய், மாத்திரை. உள்ளே போகும் முன் கயல் அவர் தோளில் சாய்ந்து செல்ஃபி எடுத்தாள். பேண்ட், கட்டம் போட்ட சட்டை, ஷூ. "சிரிங்கப்பா." சிரித்தார்.

என்னிடம் சொன்னது: "லைட்டு பத்தாம தைக்காத. கண்ணு போயிடும்."

திரும்பி வந்து பீரோவைத் திறந்தேன். கருநீலத்தைத் துவைத்து, இஸ்திரி போட்டு, என் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

டிசம்பர் 28, ஞாயிறு

போன் பேசினார். குளிர். புது ரூம், ஆள் நிறைய. சாப்பாடு பரவாயில்லை.

"அங்கயாவது..." என்று ஆரம்பித்தேன்.

"யூனிஃபார்ம்தான்," என்றார். "கயல் படிக்கிறாளா?"

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

மேகமில்லாத வானம். சம்பா அறுப்பு ஆரம்பம், தெருவெல்லாம் வைக்கோல் தூசி. புதுப்பெண், மாப்பிள்ளை, அவருடைய அப்பா, பெரிய அத்தான், எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வடை, கேசரி, காப்பி. பெரிய அத்தான் இன்று படி தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சம்பந்தி நல்ல மனுஷர். கயலின் படிப்பைக் கேட்டார், என் மெஷினைத் தொட்டுப் பார்த்தார். "இவங்க வீட்டுக்காரரை இன்னும் பாக்கவே இல்லையே," என்றார்.

"அவன் குவைத்துல இருக்கான்ல. கல்யாணத்துக்கு லீவு கெடைக்கல," என்றார் பெரிய அத்தான். புதுப்பெண் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோ இருக்காம்மா?"

கயல் போனை நீட்டினாள். ஏர்போர்ட் படம். சம்பந்தி கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் பெரிதாக்கி, முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு மண்டப வாசலில் அந்த முகத்துக்கு எதிரிலேயே நின்றிருந்தார்.

"பாத்ததே இல்ல," என்றார். "நல்ல களையான முகம். அடுத்த தடவ வந்தா அவசியம் எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க."

சரிங்க என்றேன். கயல் போனைத் திரும்ப வாங்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்கள் போய் வெகுநேரம் ஆகிறது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். திறக்கவில்லை.